வெந்த எரு, வேகாத எரு: பண்ணைக் கழிவை மட்க வைத்துக் காய்கறிக்கு இடுவது எப்படி

தக்காளி நட்டு மூன்றாவது வாரம். அடி இலைகள் வெளிறத் தொடங்கின, பிறகு மஞ்சளாயின. பாத்தி முழுக்க எரு கொட்டியிருக்கிறேனே, சத்துக் குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை என்று பத்து நாள் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரைச் சுற்றி வைக்கோல் இன்னும் வைக்கோலாகவே கிடக்கிறது. கையால் இழுத்தால் அறவில்லை. குவியலின் சூடு தணிந்ததும் எரு தயார் என்று நினைத்து வாரிப் போட்டது என் தவறு. மிச்சமிருந்த வைக்கோலை மண்ணுக்குள்ளேயே மட்க வைக்க நுண்ணுயிர்கள் முனைந்தன. அதற்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அவை மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டன, செடி பட்டினி கிடந்தது.

மட்கு உரம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குவியல் கட்டுவது வரை சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் காய்கறி கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, குவியல் முழுதாக வேகும் முன் எடுப்பது. இன்னொன்று, பாத்திக்கு எவ்வளவு போடுகிறோம் என்று கணக்கே இல்லாமல் கொட்டுவது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் கூடுதல் இடம். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை: கழிவைப் பிரிப்பது

பண்ணையில் கிடைக்கும் கழிவை இரண்டு கூறாகப் பிரித்தால் போதும். காய்ந்தது, பழுப்பு நிறம், மெல்ல மட்குவது ஒரு கூறு: வைக்கோல், மக்காச்சோளத் தட்டை, காய்ந்த சருகு, உலர்ந்த கொடிகள், மரத்தூள். இதில் கார்பன் மிகுதி. ஈரமானது, பச்சையானது, சீக்கிரம் நாறுவது இன்னொரு கூறு: சாணம், கோழி எச்சம், பச்சைப்புல், பயறுவகைச் செடிகளின் தழை, கழித்துப்போட்ட காய்கறி. இதில் தழைச்சத்து மிகுதி. காய்ந்த சாணம் பார்க்கப் பழுப்பாக இருந்தாலும் பச்சைக் கூறில்தான் சேரும். நிறத்தை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் ஏமாறுவோம்.

களைகளை விதை பிடிக்கும் முன்பே பிடுங்கிச் சேர்ப்பது நல்லது. கோரை போலக் கிழங்கு வைக்கும் களைகளை வெயிலில் சருகாகக் காயவிட்ட பிறகே போடுங்கள். வாடல் நோயில் செத்த செடி, வேர் முடிச்சு நூற்புழு தாக்கிய வேர் இவற்றை, குவியல் சரியாகச் சூடேறும் என்ற நம்பிக்கை வரும்வரை, ஒதுக்கியே வையுங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் இன்னும் முரடானது, சூட்டுக்கு எளிதில் சாகாது. தேமல் பிடித்த தக்காளி, மிளகாய்ச் செடிகளைக் காய்கறிக்கான குவியலில் நான் சேர்ப்பதே இல்லை. இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், நாய் பூனைக் கழிவு வேண்டாம். கட்டுக்கயிற்றுப் பிளாஸ்டிக்கை இப்போதே பொறுக்கிவிடுங்கள். மட்கிய பிறகு அதைப் பொறுக்குவது வாழ்நாள் வேலை.

வெளியிலிருந்து வைக்கோலோ சாணமோ வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். குளோபைராலிட், அமினோபைராலிட் என்று சில களைக்கொல்லிகள் உண்டு. புல்வெளியிலும் தானிய வயலிலும் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லைத் தின்ற மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மருந்து மாட்டின் வயிற்றில் சிதையாமல் சாணத்தோடு வெளியே வரும். மட்கும் குவியலின் சூட்டிலும் அது எளிதில் அழிவதில்லை. கடைசியில் உங்கள் பீன்ஸ், தக்காளி, உருளை எல்லாம் அகன்ற இலைச் செடிகள்தானே. நுனி இலைகள் கிண்ணம்போல் குவிந்து சுருளும், தண்டு முறுக்கிக்கொள்ளும். பிரிட்டனில் தோட்டக்காரர்கள் பலருக்கு இப்படி நேர்ந்ததால்தான் 2008இல் அங்கே அமினோபைராலிட் மருந்துகளின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை வந்தது. ஆகவே கொடுக்கிறவரிடம் 'என்ன களைக்கொல்லி அடித்தீர்கள்' என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள், அல்லது கீழே சொல்லும் பீன்ஸ் சோதனையைச் செய்யாமல் பாத்தியில் போடாதீர்கள்.

இரண்டாவது வேலை: கலவைக் கணக்கு

மட்க வைப்பது நாமல்ல, நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கார்பன் எரிபொருள், தழைச்சத்து உடல் வளர்க்கும் பொருள். தொடக்கத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 35 பங்கு கார்பன் இருந்தால் குவியல் ஒழுங்காக வேகும். கார்பன் இதற்கு மேலே போகப்போக மட்குவது இழுத்துக்கொண்டே போகும். கீழே இறங்கினால் மிஞ்சிய தழைச்சத்து அமோனியாவாக மூக்கைத் துளைத்துக்கொண்டு காற்றில் போய்விடும்.

ஒரு பங்கு தழைச்சத்துக்கு எத்தனை பங்கு கார்பன் என்று ஏறக்குறைய இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். நெல் வைக்கோல் 60 முதல் 80, கோதுமை வைக்கோல் 80க்கு மேல், மரத்தூள் 300க்கும் மேல், மாட்டுச்சாணம் 20ஐ ஒட்டி, பச்சைப்புல்லும் பயறுத் தழையும் 15 முதல் 20, கோழி எச்சம் 10ஐ ஒட்டி.

ஒரு குவியலுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வைக்கோல் 100 கிலோ, ஈரச் சாணம் 250 கிலோ, அப்போது அறுத்த பயறுத் தழை 100 கிலோ. வைக்கோலில் உலர் எடை 90 கிலோ, அதில் கார்பன் 36 கிலோ, தழைச்சத்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், உலர் எடை 50 கிலோதான். கார்பன் 20, தழைச்சத்து 1 கிலோ. தழையில் உலர் எடை 25 கிலோ, கார்பன் பத்தரை, தழைச்சத்து முக்கால் கிலோ. மூன்றையும் கூட்டினால் கார்பன் 66.5 கிலோ, தழைச்சத்து 2.3 கிலோ. வகுத்தால் 29. சரியான இடம்.

இப்போது இதே கலவையில் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். வைக்கோலில் 10, சாணத்தில் 200, தழையில் 75, ஆக 285 லிட்டர். மொத்தம் 450 கிலோவில் இது 63 சதவீதம். குவியலுக்கு வேண்டியது 50 முதல் 60. அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே ஈரம் கொஞ்சம் அதிகம்! ஆனால் நம்மில் பலர் குவியல் கட்டும்போது கைப்பழக்கத்தில் குழாயைத் திறந்துவிடுவோம். தழையை ஒருநாள் வாடவிட்டு, சாணத்தைக் கரைத்து வைக்கோல் மேல் தெளித்தாலே இந்தக் கலவைக்குப் போதும். சாணம் குறைவாகவும் காய்ந்த தட்டை அதிகமாகவும் இருந்தால் மட்டுமே தண்ணீர் வேண்டும், அதுவும் நிறையவே வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக நனைக்க வேண்டியிருக்கும். கட்டி முடித்த குவியலின் தலையில் ஊற்றினால் தண்ணீர் நாலு வழி பார்த்து ஓடிவிடும், உள்ளே காய்ந்தேதான் கிடக்கும்.

ஈரத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பலமாகப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையே நனையாமல், விரித்ததும் உதிர்ந்தால் குறைவு.

குவியல் கட்டுவது

பண்ணைக் கழிவை முறையாக அடுக்கி, குறித்த நாட்களில் புரட்டி, மூன்று மாதத்தில் உரமாக்கும் வழியை 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்தார். இன்றும் 'இந்தூர் முறை' என்றுதான் பெயர். நாம் செய்வது அடிப்படையில் அதுவேதான்.

தண்ணீர் தேங்காத, சற்றே மேடான இடம் பாருங்கள். கிணறு, ஓடை இவற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும். தட்டைகளை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். முழுத் தட்டையாகப் போட்டால் ஒரு வருடமானாலும் கணுக்கள் கிடக்கும். தூளாக அரைப்பதும் தப்பு, காற்று போக இடமிராது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தடித்த குச்சிகளையும் முரட்டுத் தட்டைகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். அதுதான் குவியலின் மூக்கு.

அதன்மேல் வைக்கோல் ஒரு சாண், பச்சைத் தழை அதில் பாதி, சாணக் கரைசல், பழைய மட்கு உரம் இரண்டு மண்வெட்டி. மறுபடி வைக்கோல். அடுக்குகள் எத்தனைக்கு எத்தனை மெல்லியதாக இருக்கின்றனவோ அத்தனை நல்லது. எல்லாவற்றையும் முதலிலேயே கலந்து போட முடிந்தால் அதைவிடச் சிறப்பு, இடுப்புதான் கேட்காது. பழைய மட்கு உரத்தில் வேண்டிய நுண்ணுயிர் எல்லாம் இருக்கிறது. பாக்கெட்டில் வரும் நுண்ணுயிர்க் கலவைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கலவையும் ஈரமும் சரியாக இருந்தால் அவை தேவையில்லை, சரியில்லாவிட்டால் அவற்றாலும் ஒன்றும் ஆகாது.

சுண்ணாம்பு சேர்க்காதீர்கள். அது அமோனியாவைக் கிளப்பித் தழைச்சத்தைப் பறக்கவிடும். சாம்பலும் அப்படித்தான், கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

அளவு முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே ஓடிவிடும். அகலம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், உயரம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வசதியான அளவு. நீளம் கழிவைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டருக்கு மேலே அடுக்கினால் அடிப்பகுதி தன் பாரத்திலேயே அமுங்கி மூச்சுமுட்டும். மேலே காய்ந்த வைக்கோல் போர்வை, மழைக்குத் தார்ப்பாய். மழையில் நனையும் குவியலிலிருந்து முதலில் கரைந்து ஓடுவது சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். அடியிலிருந்து ஒழுகும் பழுப்புத் தண்ணீர் உங்கள் உரம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சூடும் புரட்டலும்

இரண்டாம் மூன்றாம் நாளில் உள்ளே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். விடியற்காலையில் மேல்வைக்கோலை விலக்கினால் ஆவி எழும். நாம் விரும்புவது 55 முதல் 65 டிகிரி வரை. களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் சாவது இந்தச் சூட்டில்தான். 70ஐத் தாண்டினால் நமக்கு வேலை செய்கிற நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும், உடனே புரட்டிவிடுங்கள்.

நீளமான தண்டுள்ள வெப்பமானி ஒன்று இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடித்த கை தானாக விலகினால் சூடு நன்றாக ஏறியிருக்கிறது. இளஞ்சூடாக இருந்து வசதியாகப் பிடித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் ஏறவில்லை, அல்லது இறங்கிவிட்டது.

புரட்டுவதன் நோக்கம் காற்று மட்டுமல்ல. குவியலின் வெளித்தோல் சூடாவதே இல்லை. அங்கேயுள்ள விதையும் கிருமியும் உயிரோடு இருக்கும். அதனால் புரட்டும்போது வெளியே இருந்ததை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் போட வேண்டும். சும்மா கிளறிவிட்டால் அது நடக்காது. பக்கத்திலேயே இன்னொரு குவியல் கட்டுவதுபோல் செய்யுங்கள். முதல் குவியலின் தோல் இரண்டாவதன் வயிறாக வேண்டும். காய்ந்த இடம் கண்ணில் படும்போதெல்லாம் நனைத்துக்கொண்டே போங்கள். உட்புறம் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளையாக, தூசி பறந்தால், அது சூட்டில் காய்ந்துபோய் நின்றுவிட்ட பகுதி. பெரும்பாலான குவியல்கள் 'மட்கவே மாட்டேன் என்கிறது' என்ற நிலைக்கு வருவது இப்படிக் காய்ந்துதான்.

எத்தனை முறை? அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி, சாணம் சேர்ந்த நீளக் குவியல் குறைந்தது 15 நாள் 55 முதல் 77 டிகிரி வரை இருக்க வேண்டும், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும் என்கிறது. பச்சையாகத் தின்னும் காய், கீரை விளைவிக்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. முதல் மாதத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டினால் கணக்கு வந்துவிடும். சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் தேதியையும் வெப்ப அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தத்தம் நாட்டு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சூட்டைக் காணாத சாணம் எத்தனை பழையதானாலும் பச்சைச் சாணம்தான். அதே விதிப்படி, மண்ணைத் தொடும் காய்கறியானால் அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பும், தொடாததானால் 90 நாளுக்கு முன்பும் அது மண்ணில் சேர்ந்திருக்க வேண்டும். 30 நாளில் அறுக்கிற கீரைக்கு விதைக்கும்போது பச்சைச் சாணம் போட்டால் என்ன பொருள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முரண்டு பிடிக்கும் குவியல்

மூக்கை நம்புங்கள். கண் எரிய அமோனியா வாடை வந்தால் தழைச்சத்து அதிகம், வைக்கோல் சேர்த்துப் புரட்டுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை, ஈரம் அதிகம். பிரித்து, முரட்டுத் தட்டை சேர்த்து, மறுபடி கட்டுங்கள். வாடையே இல்லை, சூடும் இல்லை என்றால் பத்தில் எட்டு முறை காரணம் வறட்சிதான். எறும்பும் கரையானும் குடியேறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஈரம் சரி, சூடு மட்டும் ஏறவில்லை என்றால் சாணமோ கோழி எச்சமோ போதவில்லை, அல்லது குவியல் சிறியது. புரட்டும்போது தடித்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வேரைத் தின்னும் வண்டினப் புழுக்கள் அதில் இருக்கலாம்.

பொறுக்க வேண்டிய காலம்

புரட்டினாலும் சூடு ஏறாத நிலை வரும். குவியல் பாதிக்கும் கீழே அமர்ந்திருக்கும், நிறம் கறுத்திருக்கும். நான் தக்காளியில் ஏமாந்தது இந்த இடத்தில்தான். சமையலில் தம் போடுவதுபோல ஒரு கட்டம் இங்கே உண்டு, அதைத் தவிர்க்கக் கூடாது. சூடு தணிந்த பிறகு இன்னும் நாலு முதல் எட்டு வாரம், மழை படாமல், லேசான ஈரத்தோடு, தொடாமல் விட வேண்டும். சூட்டில் ஒதுங்கியிருந்த பூஞ்சைகள் திரும்பி வந்து கடினமான நார்களைச் சிதைப்பது இப்போதுதான். அமோனியா மெல்ல மெல்ல நைட்ரேட்டாக மாறுவதும் இப்போதுதான். மண்புழுக்களும் அடியிலிருந்து தாமாக ஏறி வரும். மண்புழு உரம் செய்ய நினைப்பவர்கள் புழுவை இந்தக் கட்டத்தில் விடலாம், சூடான குவியலில் விட்டால் செத்துவிடும்.

தயாரா என்று பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. எளியது பை சோதனை. ஈரமான உரத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். திறந்ததும் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் சரி. புளித்த வாடையோ அமோனியாவோ வந்தால் இன்னும் காத்திருங்கள்.

அடுத்தது முள்ளங்கி விதை. ஒரு சட்டியில் உரமும் மண்ணும் சமமாக, இன்னொன்றில் வெறும் மண், ஒவ்வொன்றிலும் 20 விதை. ஐந்தாறு நாளில் முளைத்தவற்றை எண்ணுங்கள். உரச் சட்டியில் முளைப்பு குறைந்தாலோ முளைகள் கருகினாலோ உரம் முதிரவில்லை, அல்லது உப்பு அதிகம்.

மூன்றாவது பீன்ஸ் சோதனை, களைக்கொல்லிக்கானது. முள்ளங்கி இதைக் காட்டிக்கொடுக்காது. பீன்ஸ் அல்லது பட்டாணியை இதேபோல் இரண்டு வகைச் சட்டிகளில் நட்டு, மூன்று அடுக்கு இலை வரும்வரை, இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். உரச் சட்டியில் மட்டும் புது இலைகள் கிண்ணமாகக் குவிந்து சுருண்டால் அந்த உரத்தைக் காய்கறிப் பக்கமே கொண்டுவராதீர்கள். வகைக்கு மூன்று சட்டியாவது வையுங்கள், ஒற்றைச் செடியை வைத்து முடிவுக்கு வர முடியாது.

எவ்வளவு இடுவது

ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு உரம் பரப்பினால் 10 லிட்டர், எடை ஐந்தாறு கிலோ. ஈரத்தைக் கழித்தால் உலர் எடை மூன்று கிலோவை ஒட்டி. அதில் தழைச்சத்து ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 45 கிராம். பார்க்க நிறைய. ஆனால் மட்கு உரத்தின் தழைச்சத்து பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருக்கிறது. முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம்தான், அதாவது 5 முதல் 9 கிராம். நல்ல விளைச்சல் தரும் தக்காளி சதுர மீட்டருக்கு 15 கிராமை ஒட்டிக் கேட்கும். ஒரு சென்டிமீட்டர் உரம் அதற்குப் போதாது.

சரி, மூன்று சென்டிமீட்டர் போட்டுவிடலாமே? முதல் வருடம், வளமற்ற மண்ணில், போடலாம். வருடா வருடம் போடக் கூடாது. அதே ஒரு சென்டிமீட்டரில் சாணம் மிகுந்த உரமானால் பாஸ்பரஸ், நாம் மணிச்சத்து என்பது, பத்துப் பதினைந்து கிராம் இருக்கும். தக்காளி எடுத்துக்கொள்வது இரண்டு மூன்று கிராம். மிச்சமெல்லாம் மண்ணிலேயே தங்கும். தழைச்சத்துக்காக உரத்தைக் கூட்டக் கூட்ட மணிச்சத்து மலையாகச் சேரும். அளவுக்கு மீறினால் செடிக்குத் துத்தநாகமும் இரும்பும் கிடைப்பது குறையும், மழையில் அரித்துப் போய்க் குளம் குட்டையில் பாசியை வளர்க்கும். 'இயற்கை உரம்தானே, அதிகம் போட்டால் என்ன' என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். மண்பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை.

நான் கடைப்பிடிப்பது இது. புதுப் பாத்திக்கு முதல் ஆண்டு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர். இரண்டாம் ஆண்டு ஒன்றரை. அதன்பின் ஒன்று. முந்தைய ஆண்டுகளில் இட்ட உரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தழைச்சத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் குறைக்க முடிகிறது. மீதித் தேவைக்குப் பயறுவகைப் பசுந்தாள் பயிரை நடுவே விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுகிறேன். அது காற்றிலிருந்து தழைச்சத்தைக் கொண்டுவரும், மணிச்சத்தைக் கூட்டாது.

மேலே கணக்குப் போட்ட 450 கிலோ குவியல் எத்தனை பாத்திக்கு வரும் என்றும் பார்த்துவிடலாம். உலர் எடையில் பாதி மட்கும்போதே காற்றோடு போய்விடும். கையில் மிஞ்சுவது ஈரத்தோடு சுமார் 150 கிலோ. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு 25 முதல் 30 சதுர மீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். அதனால்தான் உரத்தைக் கேட்கிற பயிருக்குக் கொடுத்து, கேட்காத பயிருக்கு மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பயிருக்கு, எப்போது

முட்டைக்கோஸ், பூக்கோஸ், தக்காளி, கத்தரி, பூசணி வகைகள் வயிறாரத் தின்பவை. நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு உரத்தைப் பரப்பி மேல்மண் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் கலந்துவிடுங்கள். அதைவிட ஆழமாகப் புதைத்தால் காற்றும் நுண்ணுயிரும் குறைந்த இடத்துக்குப் போய்விடும். பூக்கும் பருவத்தில் தூரைவிட்டு ஒரு சாண் தள்ளி இரண்டு கைப்பிடி, அதன்மேல் வைக்கோல் மூடாக்கு. மூடாக்கு இல்லாமல் வெயிலில் காயும் உரத்தில் எதுவும் நடக்காது. கீழே ஈரம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்கு நேரடியாக இடுவதைவிட, போன பருவத்தில் முட்டைக்கோசுக்கு இட்ட பாத்தியில் விதைப்பது நல்லது. சத்து கொழுத்த, கட்டி கட்டியான எருவில் கேரட் கவைத்துப்போகும், இலை மட்டும் செழிக்கும். கீரைக்கும் வெங்காயத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் தாராளம். பீன்ஸ், அவரை, பட்டாணிக்குப் பழைய உரத்தின் மிச்சமே போதும்.

நாற்றுக்கு வெறும் மட்கு உரத்தில் விதைக்காதீர்கள், அதிலுள்ள உப்பு பிஞ்சு வேரைச் சுடும். சலித்த உரம் கலவையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உரத்தை ஊறவைத்து இலையில் தெளிக்கிற சாறு பற்றிக் கேட்பார்கள். வெல்லப்பாகு போன்ற இனிப்புச் சேர்த்து ஊறவைத்தால் நல்ல நுண்ணுயிர்களோடு கெட்டவையும் பெருகக்கூடும். பச்சையாகத் தின்னும் கீரையில் நான் அதைத் தெளிப்பதில்லை. வேரில் ஊற்றிக்கொள்ளலாம்.

மிஞ்சிய உரத்தை நிழலில், தார்ப்பாய் மூடி, லேசான ஈரத்தோடு வைத்தால் ஆறு மாதம் தாங்கும். எலும்பாகக் காயவிட்டால் மறுபடி நனைப்பதே பெரும்பாடு.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைச் சோதித்துப் பாருங்கள். மணிச்சத்து 'மிக அதிகம்' என்று வந்தால், அந்தப் பாத்திகளுக்குச் சாணமும் கோழி எச்சமும் நிறுத்தி, தழையும் தட்டையும் மட்டும் மட்கிய உரத்துக்கு மாறுங்கள். அதற்கான குவியலில் சாணத்தின் இடத்தைப் பயறுத் தழைதான் நிரப்ப வேண்டும். மேலே போட்ட கணக்கில் சாணத்தை எடுத்துவிட்டு வைக்கோல் 100 கிலோவுக்குத் தழை 250 கிலோ என்று வைத்தால் விகிதம் 26, ஈரம் 56 சதவீதம். தழையை வாட விடாமல் அன்றைக்கே அடுக்குங்கள். சாணக் கரைசல் இல்லாததால் பழைய உரம் இரண்டு மண்வெட்டிக்குப் பதில் நாலைந்தாகப் போட வேண்டியிருக்கும், ஆகவே இந்தக் குவியலைப் பாத்திக்கு அள்ளும்போது அடியில் ஒரு கூடை விட்டுவையுங்கள்.